கலியனுக்குக் கொஞ்சம் சூடு

கை கரியாக இருக்கிறது மேடம், தவறாக நினைக்காதீர்கள். கழுவிவிட்டு வந்து கதவைத் திறந்திருப்பேன். மழையில் உங்களை நிற்கவைக்க மனம் வரவில்லை. அந்த நீல நாற்காலியில் உட்காருங்கள். சிவப்பு நாற்காலிக்கு ஒரு கால் சரியில்லை, மாப்பிள்ளை அதில் சாய்ந்து சாய்ந்து ஆட்டி ஆட்டம் காணவைத்துவிட்டார்.

உள்ளே வந்ததும் பின்சுவர் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். சுரண்டுகிற சத்தம்தானே? மழைக்காலத்தில் இந்த வீட்டில் அது கேட்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும், அதற்கும் பிறகு அது கேட்காவிட்டால்தான் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். நான் பேச்சின் நடுவில் எழுந்து எழுந்து நடப்பேன். ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செருப்பைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். நேற்று சரண்யா ஸ்டேஷனுக்கு வந்ததைப் பார்த்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்திச் சொல்லிவிட்டார்கள். மரக்காணம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மகள் கேட்ட கேள்விக்கு அப்பன் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அவள் வேறு யாரிடமாவது போய்க் கேட்கத்தான் செய்வாள். ஆனால் செருப்பிலிருந்து தொடங்கினால் விஷயம் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். சூட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் சிவப்பிரகாசம் என்பது உங்களுக்குத் தெரியும். உப்பைப் பாக்கெட் போடுகிற கொட்டகையில் மேற்பார்வை பார்க்கிறேன். மனைவி ஞானாம்பாள் காலமானபோது சரண்யா பள்ளிக்கூடம்கூடப் போகாத குழந்தை. மறுகல்யாணம் செய்துகொள் என்று எல்லாரும் சொன்னார்கள். வருகிறவள் என் பிள்ளையை எப்படிப் பார்ப்பாளோ என்று நான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. சோறு வடிக்கவும் தலை பின்னவும் நானே கற்றுக்கொண்டேன். புயல் வருகிற நாட்களில் உப்பு மூட வேண்டும் என்று கொட்டகையில் கூப்பிடுவார்கள். பின்னால் இருக்கிற அறையில் அவளை வைத்து, பொரியும் தண்ணீரும் கொடுத்து, வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவேன். கடல் பக்கத்தில் இருக்கிற ஊர், குழந்தை எங்கே ஓடும் என்று யாருக்குத் தெரியும். திரும்பி வரும்போது கதவடியிலேயே தூங்கியிருப்பாள். அந்தக் கதவின் உட்புறத்தில், கீழே, கோடு கோடாக இன்னும் இருக்கிறது. நகத்தால் கிழித்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னையில் நர்சிங் படிக்கிறேன் என்றாள். இடமும் கிடைத்தது. புறப்படுகிற வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அவள் போகவில்லை. வெளியூர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அந்தக் காய்ச்சல் நல்லதுக்குத்தான் வந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பஸ்ஸில் போனால் சாயந்திரம் வந்துவிடுவாள், அது எனக்குச் சரியாக இருந்தது. பக்கத்துக் கடை அலங்கார மீன், பறவை எல்லாம் விற்கிற கடை. அங்கே வேலை செய்தவர்தான் பாலகுரு. கீழ்புத்துப்பட்டுக்காரர்.

பெண் கேட்டு வந்தபோது தட்டில் பூ பழத்தோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே ஆமை. ஆப்பிரிக்கா பக்கத்துப் பாலைவன ஆமை, வளர்ப்பதற்குப் பதிவெல்லாம் முறையாகச் செய்திருக்கிறேன் என்றார். மரக்காணத்தில் ஆமையோடு பெண் கேட்டு வந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று தெருவில் முணுமுணுத்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எங்கள் கொட்டகையில் முன்பு கலியன் என்று ஒரு மேஸ்திரி இருந்தார். யார் கூப்பிட்டாலும் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வார். சரண்யா அந்தப் பெயரையே இதற்கு வைத்தாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் இந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது கிண்டல் செய்தால் அவரே முதலில் சிரித்துவிடுவார். நல்ல பிள்ளை, மேடம். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார்.

கோடையில் கலியனுக்கு ஒரு கவலையும் இல்லை. இங்கே அடிக்கிற வெயிலும் உப்பு வெளுப்பும் அவனுக்குச் சொந்த ஊர் மாதிரி. ஐப்பசி பிறந்ததும்தான் வினை. மூக்கில் நுரை கட்டியது. கண் வீங்கியது. தின்னாமல் சுருண்டு கிடந்தான். ஈரமும் குளிரும் சேர்ந்தால் இவனுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிடும், இறங்கினால் பிழைக்க மாட்டான் என்றார் மாப்பிள்ளை. பின்னால் இருக்கிற அறையைக் காலிசெய்து, பலகையால் அடைப்பு கட்டி, வைக்கோல் பரப்பி, கலியனை அங்கே விட்டோம். அது பழைய உப்பு அறை. கனத்த சுவர், கொல்லைப் பக்கம் ஒரே கதவு, கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல். இந்த ஹாலும் அந்த அறையும் ஒரே சுவரைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால்தான் சத்தம் கேட்கிறது.

முதலில் மஞ்சள் பல்பு போட்டோம், குண்டு பல்பு. முஜீப் ரஹ்மான் கடையில் வாங்கினேன். அவர் மஸ்கட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். சூடு போதுமானதாக இருந்தது, ஆனால் விடிய விடிய வெளிச்சம். கலியன் தூங்காமல் சுவரோரமாக நடந்துகொண்டேயிருந்தான். பலகையை முன்னங்காலால் சுரண்டுவான், திரும்புவான், மறுபடி சுரண்டுவான். எனக்கும் தூக்கம் போனது. போய் ஓட்டில் கை வைத்துப் பார்ப்பேன், வருவேன், படுப்பேன், மறுபடி போவேன். கொஞ்ச நாளில் பல்பு மாட்டுகிற ஹோல்டர் பச்சை பூத்து உதிர்ந்துவிட்டது. முஜீப் சிரித்தார். உப்புக்காற்றில் எந்தக் கம்பியும் நிற்காது அண்ணே, உங்களுக்குத் தெரியாததா என்றார்.

அடுத்து சிவப்பு பல்பு, கோழிக்குஞ்சுக்குப் போடுவார்களே, அது. ஓட்டின் உச்சி கொதித்தது, அடிவயிறு சில்லென்று இருந்தது. அப்படியானால் அடியிலிருந்து சூடு கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தரையில் விரிக்கிற சூட்டுப் பாய் இருக்கிறதாம், முஜீப் வரவழைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வேண்டாம் என்று சுருட்டிவைத்தார். வெயில் மேலேயிருந்துதானே வருகிறது, அடியில் சுட்டால் இவனுக்கு உறைக்காது, வயிறு வெந்துபோனாலும் அங்கேயே கிடப்பான் என்றார். நியாயமான பேச்சு. எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. சில சூடு உடம்புக்கே தெரியாது என்பது.

கடைசியில் அவரே பீங்கான் ஹீட்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். பல்பு மாதிரியே மாட்டலாம், வெளிச்சம் கிடையாது, சூடு மட்டும் கணகணவென்று இறங்கும். சூடு கூடினால் தானே நின்றுவிட ஒரு சின்னப் பெட்டியும் உண்டு. கலியன் அதற்கு நேர்கீழே போய்க் காலை நீட்டிப் படுத்தான். மூக்கு காய்ந்தது. செம்பருத்தி இலையைத் தின்ன ஆரம்பித்தான். அந்த வாரம் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் சுரண்டல் நிற்கவில்லை. சூடு ஏறியதும் முன்னைவிட வேகமாகச் சுரண்டினான்.

இன்னும் குளிர்கிறது போலிருக்கிறது, இரண்டாவது ஹீட்டர் போடலாமா என்று நான் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அது குளிருக்கு சுரண்டலங்க. வெளிய போவணும்னு சுரண்டுது. தெம்பு வந்துட்டா எல்லாம் அப்படித்தான்."

சரண்யா அவரைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அவள்தான் சொன்னாள். முஜீப் பாய் மூலமாக மஸ்கட்டில் ஒரு பண்ணையில், பறவையும் விலங்கும் வளர்க்கிற இடம், அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு போகலாம். மழைக்காலம் முடிவதற்குள் புறப்பட வேண்டும். கலியனைக் கொண்டுபோக முடியாது. திண்டிவனம் பக்கம் அவருடைய சிநேகிதர் ஒருவருக்குச் செம்மண் காடு இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம். இந்த ஊர் ஈரம் அவனுக்கு ஆகாது.

ஒரே பேச்சில் இரண்டும் போகிறது. நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். ரசம் நன்றாக இருந்தது, அதுகூட நினைவிருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கலியனுக்கு இந்த வீட்டில் சரியான சூடு கிடைத்துவிட்டால் அவன் போக வேண்டியதில்லை. அவன் இங்கே இருந்தால் சரண்யாவுக்கு இங்கே ஒரு பிடிப்பு இருக்கும். பிடிப்பு இருந்தால் மஸ்கட் கொஞ்சம் தள்ளிப்போகும், தள்ளிப்போனது நின்றும் போகும். நர்சிங் அப்படித்தானே நின்றது. ஆகவே எல்லாம் சூட்டில்தான் இருந்தது. நான் அதற்கு அலைந்த அலைச்சலை முஜீப்பைக் கேட்டால் சொல்வார்.

பிறகு பெரிய மழை வந்தது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. பீங்கான் ஹீட்டரின் அந்தச் சின்னப் பெட்டியை உப்பு தின்றுவிட்டது. மாப்பிள்ளை அதைக் கழற்றி, சுரண்டி, துடைத்து மாட்டினார், இரண்டு நாள் ஓடியது, பிறகு செத்துவிட்டது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, கலியனுக்கு இரண்டு பக்கமும் அணைத்துவைக்க ஆரம்பித்தார். அது ஆறிப்போகும், மறுபடி காய்ச்ச வேண்டும். அவர் அலுத்துக்கொள்ளவில்லை.

நான்தான் கணப்பு வைக்கலாம் என்றேன். நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, மேடம், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும். கோடையில் வாரிய உப்பைக் கொட்டகையில் வைத்துப் பாக்கெட் போட்டு அனுப்புவோம். ஈரக்காற்றில் உப்பு கசியும், பிளாஸ்டிக் பை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு எங்கள் கொட்டகையில் ஒரு வழி வைத்திருக்கிறோம். இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கித் தணலானதும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். அதுதான் கணப்பு. அது உள்ளே இருக்கும்போது ஆள் உள்ளே தங்கக் கூடாது. தணலுக்குப் புகையும் இல்லை, நெடியும் இல்லை. ஆளை நன்றாகத் தூங்கவைத்துவிடும்.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். கணப்பு இருக்கிற அறைக்குள் எதையாவது எடுக்கப் போகிறவன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வாசலில் செருப்பைப் பார்க்கிறவன், அவன் முதலாளியாக இருந்தாலும் சரி, நின்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் கதவை உடைத்தாவது திறக்க வேண்டும். செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை, கவலையில்லாமல் நடக்கலாம். எங்கள் ஆட்களுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, பார்த்தே வந்துவிடும்.

மாப்பிள்ளை கணப்பு வேண்டாம் என்றார். அவருக்கும் கரியைப் பற்றித் தெரிந்திருந்தது. "ஆளும் போயிடும், ஆமையும் போயிடும் மாமா" என்றார். நான் வற்புறுத்தவில்லை. எதையும் வற்புறுத்துகிற சுபாவம் எனக்கில்லை.

அன்றைக்குக் கல்யாணப் பதிவுச் சான்று வாங்க சரண்யா வானூர் போயிருந்தாள். விசாவுக்கு அது ஒன்றுதான் பாக்கி. அவர்கள் கல்யாணம் வானூரில்தான் பதிவானது. மழை என்று சொல்லிப் பார்த்தேன், குடை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கரண்ட் காலையிலேயே போயிருந்தது. மாப்பிள்ளை முந்தின ராத்திரியெல்லாம் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தவர், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதும் அந்த அறையிலேயே பாய் போட்டுச் சாய்ந்தார். செருப்பு அறை வாசலில் கிடந்தது. புதுச் செருப்பு, வெளிநாடு போவதற்காகச் சரண்யா எடுத்துக் கொடுத்தது.

நான் இந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கலியன் சுரண்டிக்கொண்டிருந்தான். எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலுக்குப் போனேன், சாலையில் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். சுரண்டல் நிற்கவில்லை. அவன் குளிரில் தவிக்கிறான், அவர் அசந்து தூங்குகிறார், பாட்டில் ஆறியிருக்கும். வீட்டில் பொறுப்பானவன் நான் ஒருவன்தான் விழித்திருக்கிறேன். கொல்லையில் சட்டியை வைத்துக் கரியைப் பற்றவைத்தேன். பின்வீட்டு அசோகன் வேலியோரம் வந்து பார்த்தான். அவன் எங்கள் கொட்டகையில் வேலை செய்கிறவன். ஆமைக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஆமைக்குத்தான்.

தணலானதும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஜன்னலில் சாரல் அடித்தது, அதைச் சாத்தினேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன், அடியில் காற்று போனது, கோணியை மடித்துத் திணித்தேன். அதற்குள் செருப்பு நனைய ஆரம்பித்திருந்தது. புதுச் செருப்பு நனைந்தால் வீணாகிவிடும். எடுத்துக்கொண்டு வந்து துடைத்து, இதோ இந்த அலமாரிக்குக் கீழே வைத்தேன்.

அசோகன் சாயந்திரம்வரை அந்த வழியாகப் போய்வந்திருக்கிறான். பிறகு உங்கள் ஆட்களிடம் அவன் அழுதுகொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. "செருப்பு இல்ல சார். இருந்திருந்தா கூப்ட்டிருப்பேன் சார். நாங்க கூப்புடாம போவவே மாட்டோம்." பாவம், இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள் கூப்பிட்டு, உன்மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும்.

ஆமைக்கு என்று நான் பற்றவைத்துக் கொடுத்த கணப்பை மாப்பிள்ளை உள்ளே வைத்துக்கொண்டு அங்கேயே தூங்கிவிட்டார், வெளியூர்ப் பிள்ளை, நம் பழக்கம் தெரியாது என்று நான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அவருடைய அம்மா பாஞ்சாலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். அழுகை வந்தது, மேடம், நடிக்கவில்லை. ஆமை வீட்டுக்குள் வந்ததால்தான் இப்படி என்று தெருவில் பேசினார்கள். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயில்லாத உயிர்மேல் ஏன் பழி போடுகிறீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன்.

எல்லாரும் போன பிறகு சரண்யா அலமாரியடியில் குனிந்தாள். செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவரு செருப்பு ஏம்ப்பா நனையல?"

எடுத்துவைத்தேன் அம்மா, நனைந்துவிடுமே என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அதன் பிறகு இந்த வீட்டில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள். எனக்கு அது போதும். பேச்சு மெதுவாக வரும், வருகிற கோடையில் வரும்.

நீங்கள் கலியனைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஆள் போய்விட்டாரே, ஆமை எப்படிப் பிழைத்தது என்று. ஆமைக்கு மூச்சை அடக்கத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள், சாமி காரியம் என்று யாரோ சொன்னார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். அதனால் நின்றுகொண்டே சொல்கிறேன்.

நான் சட்டியோடு உள்ளே போனபோது மாப்பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை அடைப்புக்குள் இருந்தது, கலியன் ஓட்டின்மேல். தூக்கத்திலும் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சட்டியைக் கீழே வைத்தேன். அந்தக் கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் மெதுவாக வைத்தேன். கலியனைத் தூக்கிக் கூடையில் வைத்து, சமையலறையில் அடுப்புப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அங்கே அவனுக்கு நல்ல கதகதப்பு. அதன் பிறகு திரும்பி வந்துதான் சட்டியைப் பாய்க்குப் பக்கத்தில் நகர்த்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், கோணியைத் திணித்தேன். எல்லாம் முடிந்து, அறை ஆறிய பிறகு, கலியனைத் திரும்ப அடைப்பில் விட்டேன். சரண்யா வரும்போது அவன் அங்கே இருக்க வேண்டுமே.

ஆக, ஆமைக்கு என்று வைத்த கணப்பின்போது ஆமை அங்கே இல்லை. இதை உங்களிடம் சொல்லும்போதுதான் எனக்கே ஒழுங்காகக் கேட்கிறது. தெரிந்துதான் செய்தேன், மேடம். கரியைப் பற்றியும் தெரியும், செருப்பைப் பற்றியும் தெரியும். அவரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் என்ன காரணம் என்று நீங்கள் கேட்டால் கலியனுக்கு அன்றைக்குக் குளிர் என்றுதான் என் வாயில் வருகிறது. என் வீட்டில் இருக்கிற எதுவும் குளிரில் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஒரு குறையென்றால் குறைதான்.

எழுந்துவிட்டீர்களே. அந்தக் கூடையில் கால் படாமல் வாருங்கள், உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் கோணி போர்த்தியிருக்கிறதே, அது. கலியன்தான். வெந்நீர்ப் பாட்டில் வைத்துப் படுக்கவைத்திருக்கிறேன். இன்றைக்கு அவன் சமர்த்தாகத் தூங்குகிறான், காலையிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

சுவருக்குப் பின்னால் கேட்பது சரண்யா. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழ்புத்துப்பட்டுக்கு மாமியார் வீட்டோடு போகிறேன் என்று புறப்பட்டாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, பாஞ்சாலையிடம் போனில் பேசியது கேட்டது. இந்த மழையில் எப்படி விடுவது. பின் அறையில் கலியனின் அடைப்பில் அவருடைய பாட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போ என்றேன், உள்ளே போனாள், தாழ் போட்டேன். ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது, இப்போது வெறும் கையால் கதவைச் சுரண்டுகிறாள். சின்ன வயதில் சுரண்டின அதே இடமாகத்தான் இருக்கும்.

ஓட வேண்டாம் மேடம், கொல்லையில் பாசி, வழுக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்கிறது அவளுக்கு, அவ்வளவுதான். நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது நான் கரிதான் அள்ளிக்கொண்டிருந்தேன்.